கோடையிலும் விலகாத பனி: ஜான் மியூர் பாதையில் எங்கே தூங்குவது, எப்போது ஏறுவது

2015 ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியா ஆளுநர் ஜெரி பிரவுன் சியரா நெவாடா மலையில் வழக்கமாகப் பனி அளக்கும் இடத்துக்குப் போனபோது, காலுக்குக் கீழே வெறும் புல்தான் இருந்தது. மாநிலப் பனியிருப்பு சராசரியில் 5 சதவீதம். எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரல் தொடக்கத்தில் அதே அளவீடு 237 சதவீதம். யோசெமிட்டி தேசியப் பூங்கா வழியாக மலையைக் கடக்கும் டயோகா சாலை 2015-ல் மே முதல் வாரத்திலேயே திறந்துவிட்டது. 2023-ல் ஜூலை 22 வரை திறக்கவில்லை.

அதனால் "ஜூலை நான்காம் தேதி லீவோடு சேர்த்து ஜான் மியூர் பாதை போகலாமா?" என்று கேட்பவர்களுக்கு எல்லா ஆண்டுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து விட்னி சிகரம் வரை சுமார் 211 மைல், 340 கிலோமீட்டர். வழியில் 11,000 அடிக்கு மேல் ஐந்தாறு கணவாய்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவிலிருந்து காரில் சில மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், பனியில் ஒருநாளும் கால் வைக்காத நம்மவர்களும் இந்தப் பாதைக்கு வருகிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காகத்தான். மலையேற்றம் தெரிந்தவர்கள், கூடாரம் போடத் தெரிந்தவர்கள், ஆனால் கோடைப் பனி புதிது.

முழுக்க ஒரே கணக்குதான்: இன்றிரவு எங்கே தூங்குகிறீர்களோ, அதுதான் நாளை எந்த மணிக்கு எந்தப் பனியில் நிற்பீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு நாளுக்கு 12 மைல் என்று சமமாக வெட்டி அட்டவணை போடுவது பனியில்லாத ஆகஸ்டுக்குச் சரி. ஜூனிலும் ஜூலை முதல் பாதியிலும் அது உதவாது.

முதலில் அந்த ஆண்டைப் படியுங்கள்

கலிபோர்னியா நீர்வளத் துறை மலை முழுக்கத் தானியங்கிப் பனி உணர்விகளை வைத்திருக்கிறது. அளவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இந்தப் பாதைக்குப் பயன்படுபவை: டுவாலமி மெடோஸ் (8,600 அடி), சார்லட் ஏரி (10,400 அடி), பிஷப் கணவாய் (11,200 அடி), அப்பர் டிண்டல் கிரீக் (சுமார் 11,400 அடி).

இங்கே பார்க்க வேண்டியது பனியின் உயரத்தை அல்ல, அந்தப் பனி உருகினால் எத்தனை அங்குலத் தண்ணீர் வரும் என்ற எண்ணை. ஜூன் மாத வெயிலில் உயரமான இடங்களில் ஒரு நாளுக்கு 1 முதல் 1.5 அங்குலத் தண்ணீர் அளவுக்குப் பனி கரையும் என்று வைத்துக்கொண்டால் தோராயக் கணக்கு கிடைத்துவிடும். ஜூன் நடுவில் அப்பர் டிண்டலில் 20 அங்குலம் இருந்தால், அது தரையைத் தொட இரண்டு முதல் மூன்று வாரம். ஆனால் உணர்வி இருப்பது சமதரையில். கணவாயின் வடக்குச் சரிவில் வெயில் சாய்ந்து விழும், காற்று அடித்துக் கொண்டுவந்த பனியும் குவிந்திருக்கும். உணர்வி பூஜ்யம் காட்டிய பிறகும் இரண்டு மூன்று வாரம் அங்கே பனி கிடக்கும் என்றே திட்டமிடுங்கள்.

இதோடு சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களையும் பாருங்கள். இலவசம்தான், சில நாட்களுக்கு ஒருமுறை புதுப் படம் வரும். ஒரு புள்ளி 10 மீட்டர் என்பதால் எந்த ஏரிக்கரை வெளுத்திருக்கிறது, எங்கே பாறை தெரிகிறது என்பது தெளிவாகத் தெரியும். முகாமிடம் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. யாரோ "போன வாரம் பாதை சுத்தம்" என்று எழுதியதை நம்புவதற்கு முன் அவர் எந்தத் தேதியில், எந்தக் கணவாயைக் கடந்தார் என்று பாருங்கள். ஜூனில் ஒரு வாரம் என்பது நீண்ட காலம்.

திசையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பனியுள்ள ஆண்டில் வடக்கிலிருந்து தெற்கே போவதுதான் என் பரிந்துரை. முதல் வாரம் தாழ்வான கணவாய்கள், உடம்பு உயரத்துக்குப் பழகும். பெரிய கணவாய்களுக்கு வருவதற்குள் பத்து நாள் கூடுதலாக உருகியிருக்கும். அதைவிட முக்கியம், பனி நிறைந்த வடக்குச் சரிவுகளை ஏறுவீர்கள், இறங்க மாட்டீர்கள். செங்குத்தான பனியில் ஏறுவது இறங்குவதைவிட எளிது.

பனிக்கு ஒரு கடிகாரம் உண்டு

தெளிந்த வானமுள்ள இரவில் பனியின் மேல்பரப்பு உறைந்து கல்லாகிவிடும். காலை ஐந்து மணிக்கு அதில் சாதாரண ஷூ நிற்காது. சரிவைப் பொறுத்து எட்டு மணி வாக்கில் மேல் ஓர் அங்குலம் இளகும். அப்போது ஷூ நன்றாகப் பிடிக்கும். பதினொன்று, பன்னிரண்டுக்குப் பிறகு காலை வைத்தால் முழங்கால் வரை, சில இடத்தில் தொடை வரை இறங்கும். மணிக்கு இரண்டு மைல் நடப்பவர் அங்கே ஒரு மைல் நடந்தால் பெரிது. கணுக்கால் பிசகுவதும், பனிக்கு அடியிலுள்ள பாறையில் முழங்கால் இடிபடுவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

இரவு முழுக்க மேகம் மூடியிருந்தால் இந்தக் கடிகாரம் நின்றுவிடும். தரையின் சூடு வெளியே போகாது, பனி உறையாது, காலை ஆறு மணிக்கே கால் புதையும். அப்படி ஒரு விடியலில் உயரமான கணவாய்த் திட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, நோக்கம் இது: கணவாயின் செங்குத்தான பகுதியில் ஏழிலிருந்து பத்து மணிக்குள் இருக்க வேண்டும், மறுபக்கம் தட்டையான இடத்துக்கு நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். ஜூலை இறுதியில் பிற்பகல் இடிமழையும் சேர்ந்துகொள்ளும் என்பதால் இந்த நேரக் கணக்கு அப்போதும் வீண்போகாது.

கணவாய் வாரியாக முகாமிடங்கள்

தெற்கே போகிறீர்கள் என்று வைத்துச் சொல்கிறேன்.

டோனஹியூ கணவாய்க்கு (11,056 அடி) முந்தைய இரவை லயல் கேன்யனின் மேல் முனையில், கடைசி மரங்களுக்கிடையே வையுங்கள். டுவாலமி மெடோஸிலிருந்து நான்கு மைல் தாண்டித்தான் கூடாரம் போடலாம் என்பது யோசெமிட்டி விதி; அதனால் எப்படியும் உள்ளே போயாக வேண்டும். கணவாய்க்கு அப்பால் தௌசண்ட் ஐலண்ட், கார்னெட் ஏரிகள் படத்தில் பார்த்ததைவிட அழகு. ஆனால் இரண்டிலும் ஏரி வழியும் முனையைச் சுற்றிக் கால் மைலுக்குள் தங்கத் தடை. பனிக்காலத்தில் எல்லோரும் முதலில் காய்ந்த அந்த முனையில்தான் கண் வைப்பார்கள். கரையோரமாக மேலே நடந்து பாறைத் திட்டைத் தேடுங்கள்.

செல்டன் கணவாய் பெரிதாக மிரட்டாது. மேரி ஏரிக்கரை பனியாக இருந்தால் அதற்குக் கீழே ரோஸ்மேரி மெடோ பக்கம் மரங்களுக்குள் தங்கலாம்.

மியூர் கணவாய்தான் (11,955 அடி) எல்லாக் கணக்கையும் குழப்புவது. செங்குத்து அல்ல, நீளம். பனி அதிகமுள்ள ஆண்டில் இரண்டு பக்கமும் சேர்த்து மைல் கணக்கில் தொடர்ச்சியாகப் பனி. வழக்கமான முகாம் எவல்யூஷன் ஏரி (10,850 அடி). அங்கிருந்து உச்சி ஐந்தாறு மைல். அப்புறம் மறுபக்கம் மரங்கள் தொடங்க இன்னும் சுமார் நான்கு மைல். விடியலில் கிளம்பினாலும் ஒன்பது, பத்து மணிக்குத்தான் உச்சி. இறக்கம் முழுக்க இளகிய பனியில். போதாததற்கு அந்த இறக்கத்தில் பாதையும் ஓடையும் ஒரே பள்ளத்தில் ஓடுகின்றன. ஹெலன் ஏரிக்குக் கீழே நீங்கள் மிதிக்கும் பனிக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மதியத்தில் அந்தக் கூரை மெலிந்திருக்கும்.

இதற்கு இரண்டு வழி. எவல்யூஷன் ஏரியிலிருந்து மூன்றரை, நான்கு மணிக்கே தலைவிளக்கோடு கிளம்பலாம். ஏரிகளைத் தொடர்ந்து போகும் சரிவு மென்மையானது, மைக்ரோஸ்பைக் (ஷூவின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) போட்டால் உறைந்த பனியில் வேகமாகவே நடக்கலாம். இல்லையென்றால் முந்தைய நாள் மேலேறி வாண்டா ஏரி (11,426 அடி) அருகே வெறும் கருங்கல் பாறையில் தங்கலாம். மரம் இல்லை, காற்றுக்கு மறைப்பு இல்லை, குளிர் கடுமை. ஆனால் ஏழு மணிக்கு உச்சியில் நிற்பீர்கள். வானிலை நன்றாக இருந்தால் இரண்டாவதைத்தான் நான் தேர்வேன். உச்சியில் சியரா கிளப் 1930-ல் கட்டிய கல் குடிசை இருக்கிறது. அதில் இரவு தங்கலாம் என்று திட்டமிடாதீர்கள். ஆபத்து நேரத்துக்கு மட்டும்தான் அனுமதி.

மேத்தர் கணவாய்க்கு (சுமார் 12,100 அடி) பாலிசேட் ஏரிகளுக்கு மேலுள்ள பாறைத் திட்டுகள் பொருத்தமான இடம். உச்சி சுமார் மூன்று மைல். ஐந்தரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். பின்ச்சோ கணவாய்க்கு (சுமார் 12,130 அடி) மார்ஜரி ஏரி இரண்டு மைலுக்குள்ளேயே இருப்பதால் சிக்கல் தலைகீழ். அங்கிருந்து விடியலில் கிளம்பினால் பனி கல்லாக இருக்கும்போது செங்குத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நிதானமாகக் காபி குடித்துவிட்டு ஏழு மணிக்குப் போங்கள்.

கிளென் கணவாய் (ஏறக்குறைய 12,000 அடி) ரே ஏரிகளிலிருந்து. வடக்குச் சரிவு செங்குத்து, கீழே பாறையும் உறைந்த குட்டைகளும். ஐஸ் ஆக்ஸ் (பனியில் குத்திப் பிடிக்கும் கைக்கோடரி) கொண்டுவந்திருந்தால் அது கைக்கு வர வேண்டிய இடம் இது. ரே ஏரிகளில் தங்கும் இரவுகளுக்கு வரம்பு உண்டு. கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளும் உண்டு.

ஃபாரெஸ்டர் கணவாய் 13,150 அடிக்கு மேல். பப்ஸ் கிரீக் பக்கம் சென்டர் பேசின் பிரிவு அருகே, சுமார் 10,500 அடியில், கடைசி நல்ல மரக்கூட்டம். உச்சி நான்கு மைலுக்கு மேல், ஏற்றம் 2,600 அடி. நான்கரை மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். தெற்குப் பக்கம் பாதை பாறைச் சுவரில் வெட்டியது. ஒரே ஓர் இடத்தில் குறுகலான பனி ஓடை ஒன்றைக் குறுக்கே கடக்க வேண்டும். பத்துப் பதினைந்து அடிதான், ஆனால் வழுக்கினால் நிற்க இடமில்லை. ஒருவர் கடந்து முடிந்த பிறகே அடுத்தவர். அதன்பின் டிண்டல் கிரீக் வரை சுமார் ஐந்து மைல் மரமே கிடையாது.

தரையைத் தேர்ந்தெடுப்பது

பனி உருகும் காலத்தில் முதலில் காய்வது தெற்கு பார்த்த சரிவுகளின் திட்டுகள், கருங்கல் பாறைகள், சரளைக் கல் மேடுகள். கடைசியில் காய்வது புல்வெளிகள். பசேலென்று சமமாகத் தெரிந்தாலும் புல்வெளியில் போடாதீர்கள்: தரை ஊறியிருக்கும், மிதித்தால் செடி பிழைக்காது, பனி போன பிறகான வாரங்களில் கொசு உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். இன்னொன்று, இரவில் குளிர்காற்று கனமாகி ஏரிக்கிண்ணத்தின் அடியில் தேங்கும். கரையிலிருந்து ஐம்பது, நூறு அடி மேலேறினாலே கூடாரத்துக்குள் ஈரம் படிவது குறையும். நீர்நிலையிலிருந்து 100 அடி தள்ளித் தங்க வேண்டும் என்ற விதியும் அதோடு நிறைவேறிவிடும்.

மேலே என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பாருங்கள். பனி விளிம்பு தொங்கும் சுவருக்கு நேர்கீழே வேண்டாம். மதியத்தில் கல் உருண்டு வந்த தடம் பனியின் மேல் கோடாகத் தெரியும். அந்தக் கோடு முடியும் இடத்தில் படுக்காதீர்கள். மரத்தடியைச் சுற்றிப் பனி குழிந்திருக்கும், அதன் விளிம்பும் உள்ளே சரியும்.

வறண்ட இடமே கிடைக்காவிட்டால் பனியின் மேல் தூங்கலாம், அதில் தவறில்லை; செடிகொடிக்கும் சேதமில்லை. கூடாரத்தின் அளவைவிடச் சற்றுப் பெரிய இடத்தை ஷூவால் நன்றாக மிதித்துச் சமப்படுத்தி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், இறுகிக் கெட்டியாகும். அதற்கு முன் படுத்தால் காலையில் உடம்பின் அச்சு பள்ளமாக விழுந்திருக்கும். சாதாரணக் கூடார முளை பனியில் நிற்காது. சிறு துணிப்பையில் பனியை நிரப்பிக் கயிறு கட்டி ஓரடி ஆழத்தில் புதைத்து மிதித்தால் அசையாது. படுக்கை விரிப்பின் வெப்பத் தடை எண் (R-value) 4-க்குக் குறையக் கூடாது. காற்றடைத்த விரிப்புக்கு அடியில் மெல்லிய நுரை விரிப்பு ஒன்றைப் போடுவது பாதுகாப்பு, ஏனென்றால் காற்று இறங்கிவிட்டால் இரவு முழுக்கப் பனியின் மேல் வெறுமனே படுத்திருப்பீர்கள்.

தண்ணீர் வடிகட்டியை உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நுண்குழாய் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே வெடித்துவிடும்; பார்த்தால் தெரியாது. ஈர ஷூவின் வாயை நன்றாக விரித்து வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் கட்டையாக உறைந்திருந்தாலும் கால் நுழையும்.

நெருப்பு மூட்ட யோசெமிட்டியில் 9,600 அடிக்கு மேலும், கிங்ஸ் கேன்யனில் 10,000 அடிக்கு மேலும் அனுமதி இல்லை. மேலே சொன்ன முகாம்களில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். மலம் கழிக்கப் பனியில் குழி தோண்டுவதில் அர்த்தமில்லை. ஆகஸ்டில் அது அப்படியே பாறை மேல் கிடக்கும். பையில் கட்டி எடுத்து வாருங்கள். விட்னி பகுதியில் அது கட்டாயமே.

பனியைவிட ஆபத்தானது ஓடை

இதைச் சொல்லாமல் பனியைப் பற்றி எழுதுவது பாதி உண்மைதான். 2017 ஜூலையில் இந்த மலைத்தொடரில் நெடும்பாதை நடந்த இரண்டு பெண்கள் தனித்தனி இடங்களில் உயிரிழந்தார்கள். இருவருமே பனியில் வழுக்கியவர்கள் அல்ல, பனி உருகிய ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டவர்கள்.

மேலே மதியம் உருகிய நீர் கீழே வந்து சேர நேரமாகும். கணவாய்க்கு அருகிலுள்ள ஓடை பிற்பகலில் பெருகும். பல மைல் தள்ளியுள்ள ஆறு இரவில் உச்சத்தைத் தொடும். குறைவாக ஓடுவது காலையில். அதனால் மாலை நான்கு மணிக்கு ஒரு பெரிய ஓடைக்கு வந்தால், கடக்க முடியும் போலத் தெரிந்தாலும், இந்தக் கரையிலேயே கூடாரம் போட்டுவிட்டு விடிந்ததும் கடப்பதுதான் புத்திசாலித்தனம். பேர் கிரீக், எவல்யூஷன் கிரீக், டிண்டல் கிரீக் மூன்றுக்கும் இது பொருந்தும். எவல்யூஷன் கிரீக்கில் பாதை கடக்கும் இடத்தைவிட, மேலே புல்வெளியில் ஆறு அகன்று மெதுவாகப் போகும் இடம் நல்லது. ஆழம் இடுப்பு வரை வரலாம், ஆனால் வேகம் இருக்காது. மேத்தருக்குத் தெற்கே கிங்ஸ் ஆற்றின் தென்கிளையை, அது இன்னும் சிறு கிளைகளாகப் பிரிந்திருக்கும் அப்பர் பேசினிலேயே தாண்டிவிடப் பாருங்கள்.

இறங்குவதற்கு முன் கீழே பாருங்கள்: விழுந்தால் எங்கே போய் நிற்பீர்கள்? அருவியோ, ஆற்றில் விழுந்து கிடக்கும் மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். ஷூவோடு இறங்குங்கள். பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிடுங்கள், நீர் வரும் திசையைப் பார்த்து நின்று பக்கவாட்டில் நகருங்கள். வேகமான நீர் நடுத்தொடைக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள். உடம்பில் கயிறு கட்டிக்கொண்டு கடக்காதீர்கள். விழுந்தால் கயிறே தண்ணீருக்குள் அழுத்திப் பிடிக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

மைக்ரோஸ்பைக் எல்லோருக்கும். ஐஸ் ஆக்ஸ், பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு. வழுக்கும்போது அதைக் குத்தி நிறுத்துவது கடையில் வாங்கியதும் வந்துவிடும் வித்தை அல்ல. கீழே தட்டையாக முடியும் பாதுகாப்பான சரிவில் ஒரு நாள் முழுக்கப் பழக வேண்டும். பழகாமல் பையில் தொங்கவிடுவது வெறும் எடை. அப்படிப்பட்டவர்கள் இன்னும் இரண்டு வாரம் கழித்துப் போகலாம்.

பனியில் நடக்கும்போது வெயிலில் பாறை சூடாகி அதைச் சுற்றியுள்ள பனி உள்ளே குடைந்திருக்கும். தலைகாட்டும் பாறையிலிருந்து ஓர் எட்டு தள்ளியே மிதியுங்கள். தண்ணீர்ச் சத்தம் காலடியில் கேட்டால் நின்று வேறு வழி தேடுங்கள். இறங்கும்போது குதிகாலை அழுத்திக் குத்தி இறங்குங்கள். முன்னால் போனவரின் கால்தடம் அவர் போன இடத்துக்குத்தான் போகும். இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம் போனில் இருக்கட்டும். பக்கங்களும் மூடிய கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனி வெயிலைக் கீழிருந்தும் அடிக்கும், மூக்கின் அடியிலும் கிரீம் பூச வேண்டும். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை இரண்டாம் நாள் உதட்டில் உடையும். ஜூலையில் இளஞ்சிவப்பாகத் தெரியும் பனி ஒருவகைப் பாசி. அதை உருக்கிக் குடிக்காமல் இருப்பது நல்லது.

வெளியேறும் வழிகளை வரைபடத்தில் குறித்து வையுங்கள். லெ கான்ட் கேன்யனிலிருந்து பிஷப் கணவாய் வழியாகவும், கிளென் தாண்டியதும் கியர்சார்ஜ் கணவாய் வழியாகவும் கிழக்கே சாலைக்கு வரலாம். இரண்டுக்கும் நடுவே டபூஸ் போன்ற கரடுமுரடான வழிகள்தான். அதனால் மேத்தரை நோக்கி ஏறுவதா என்ற முடிவை லெ கான்ட்டிலேயே எடுத்துவிடுங்கள். எந்தக் கணவாயை எந்தத் தேதியில் கடப்பீர்கள், திரும்ப வேண்டியிருந்தால் எந்த வழியாக வெளியே வருவீர்கள் என்பதை எழுதி வீட்டில் கொடுங்கள். பனி ஆண்டில் அந்த அட்டவணையில் இரண்டு நாள் உபரியும், கரடி திறக்க முடியாத உணவு டப்பாவில் அதற்கான சாப்பாடும் இருக்கட்டும்.

கடைசி நாளுக்கு ஒரு குறிப்பு. கிட்டார் ஏரியிலிருந்து விட்னிக்கு ஏறும் மேற்குச் சரிவு சீக்கிரம் காய்ந்துவிடும், அதை நம்பி மைக்ரோஸ்பைக்கை அடியில் திணித்துவிடாதீர்கள். விட்னிக்குத் தெற்கே மலைமுகட்டைக் கடக்கும் டிரெயில் கிரெஸ்டைத் தாண்டி கிழக்கே இறங்கும்போது, கம்பி கட்டிய பகுதியில் பாதை பனிக்கும் உறைந்த நீருக்கும் அடியில் மறைந்து கிடக்கும் ஆண்டுகள் உண்டு.